உதவிக்கு வந்த சேனை

நம் முப்பாட்டன்மாருக்கும் முப்பாட்டன்மார் பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது. சிறியவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள். பெரியவர்கள் பாதியில் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

மலையடிவாரத்தில் பொன்னெயில் என்று ஒரு நாடு இருந்தது. பெயரில்தான் பொன். மண்ணில் இருந்ததோ இரும்பு. அந்த இரும்பில் ஏருக்குக் கொழு அடித்தார்கள், அறுப்புக்கு அரிவாள் அடித்தார்கள், அடுப்படிக்குக் கரண்டி அடித்தார்கள். படை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அறுவடை முடிந்ததும் ஆண்கள் ஈட்டியை எடுத்துத் துருவைத் தட்டிக் கொஞ்சம் பழகுவார்கள். விதைப்பு வந்தால் பரணில் போட்டுவிடுவார்கள்.

அந்த நாட்டை ஆண்டவர் பெருஞ்சேய் என்ற அரசர். நல்லவர். கதைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நல்லவர். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒரு கெட்டவனிடமிருந்து தொடங்கியிருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் போயிருக்காது.

பொன்னெயிலுக்குக் கிழக்கே கடலோரத்தில் உப்பங்கரை இருந்தது. உப்பு விளைவித்துப் பிழைக்கிற சனங்கள். அங்கே மருதி என்று ஒரு பெண். அவள் அப்பா உப்பு வண்டி ஓட்டுகிறவர். தாயில்லாத பிள்ளையை வீட்டில் விட மனமில்லாமல் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். மலைக்குப் போனால் மலைப் பேச்சு, காட்டுக்குப் போனால் காட்டுப் பேச்சு, பொட்டலுக்குப் போனால் பொட்டல் பேச்சு. மருதி வளர்ந்து பெரியவளானபோது எல்லாப் பேச்சும் அவள் நாக்கில் இருந்தது. எந்த நாட்டு ஆளும் அவள் பேச்சைக் கேட்டால், "இவள் நம்ம ஊர்ப் பெண்ணல்லவா?" என்பான்.

ஒரு வருஷம் உப்பங்கரைக்குக் கடற்கொள்ளையர் வந்தார்கள். வீடுகளை எரித்தார்கள். பெண்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மருதியின் அப்பா வண்டிக் கம்பை எடுத்துக்கொண்டு எதிரே போனார். அவரை அந்தக் கம்பாலேயே அடித்துக் கொன்றார்கள்.

மருதி அழுதுகொண்டே மலை வரைக்கும் நடந்தாள். பெருஞ்சேயின் முன்னால் போய் நின்றாள். மலைப் பேச்சிலேயே பேசினாள்.

"அரசே, எங்களுக்கு ஈட்டி பிடிக்கத் தெரியாது. உப்பு வாரத்தான் தெரியும். நீங்கள் வராவிட்டால் அடுத்த மழைக்குள் அங்கே யாரும் இருக்க மாட்டோம்."

பெருஞ்சேய் எழுந்து நின்றார். "மகளே, அழாதே. வருகிறோம்" என்றார். பரணில் கிடந்த ஈட்டிகள் எல்லாம் கீழே இறங்கின.

அந்தப் படை உப்பங்கரைக்குள் நுழைந்தபோது ஈட்டிகளைக் கண்டு சனங்கள் ஓடினார்கள். மருதி உப்புக் குவியலின் மேல் ஏறி நின்று கத்தினாள்.

"ஓடாதீர்கள்! உங்களுக்கு உதவ வந்திருக்கிறார்கள்!"

அது உண்மை. நான் ஒளிக்க மாட்டேன், முழு உண்மை. கொள்ளையர் மறுபடி கரையேறியபோது பொன்னெயில் வீரர்கள் இடுப்பளவு கடலில் நின்று போரிட்டார்கள். கொள்ளையர் ஓடினார்கள். பிடிபட்ட பெண்களில் பாதிப் பேர் வீடு திரும்பினார்கள். உப்பங்கரைச் சனங்கள் வீரர்களின் கால்களில் விழுந்தார்கள்.

பிறகு அவர்களே கேட்டார்கள்: "கொள்ளையர் திரும்பி வந்தால் என்ன செய்வோம்? கொஞ்சம் பேரை விட்டுவிட்டுப் போங்கள்."

பெருஞ்சேய் கொஞ்சம் பேரை விட்டுவிட்டுப் போனார். சீக்கிரமே நோயில் படுத்துக் காலமானார்.

கொள்ளையர் திரும்பி வரவே இல்லை. படையும் திரும்பிப் போகவில்லை. கூடாரம் கொட்டகையானது, கொட்டகை கோட்டையானது. முதலில் நல்லதண்ணீர்க் குளத்தைக் கோட்டைக்கு எடுத்துக்கொண்டார்கள். பிறகு நல்ல உப்புப் பாத்திகளை எடுத்துக்கொண்டார்கள். பிறகு, யார் எப்போது கடலுக்குப் போகலாம் என்று கோட்டையில் கேட்டுவிட்டுத்தான் படகைத் தள்ள வேண்டும் என்றார்கள். கேட்காமல் தள்ளியவனைக் கடற்கரையிலேயே கட்டி வைத்து அடித்தார்கள்.

இதெல்லாம் மருதிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவள் அப்போது பொன்னெயில் அரண்மனையில் இருந்தாள். எல்லா நாட்டுப் பேச்சும் தெரிந்தவளை விடுவார்களா? அரசரின் நாக்கு என்று அவளுக்குப் பட்டம் கொடுத்தார்கள். உப்பங்கரையிலிருந்து யாராவது வந்து முறையிட்டால், "கொள்ளையர் கையில் செத்ததை நினைத்துப் பாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அப்பாவின் முகம் அவள் கண்ணுக்குள் இருந்தது. அதனால் அவள் சொன்னதில் பொய் இல்லை. நியாயம் இருந்ததா என்பது வேறு.

பொன்னெயிலும் மாறிவிட்டது. கடலோரத்திலிருந்து திரும்பிய வீரர்களுக்கு மாலை போட்டார்கள், ஆரத்தி எடுத்தார்கள். "பிறரைக் காப்பாற்றுகிற நாடு நம் நாடு" என்று வாசலுக்கு வாசல் பேசினார்கள். அந்தப் பேச்சு தேன் மாதிரி. ஒருமுறை நக்கியவனுக்கு நாக்கு சும்மா இருக்காது. கொல்லர்கள் கொழு அடிப்பதைக் குறைத்தார்கள், ஈட்டி அடிப்பதைக் கூட்டினார்கள். ஈட்டிகள் பரணுக்குத் திரும்பவில்லை.

இது முதல் போர். அதற்குச் சொன்ன காரணம் உண்மையான காரணம்.

பெருஞ்சேயின் மகன் பட்டத்துக்கு வந்தான். அவனுக்கும் ஒரு போர் வேண்டியிருந்தது.

தெற்கே மூங்கிற்காடு என்று ஒரு நாடு. அதன் அரசன் கொடியவன். எதிர்த்துப் பேசியவனை வளைத்த இரண்டு மூங்கில்களுக்கு நடுவில் கட்டி விட்டுவிடுவான்; மூங்கில் நிமிரும்போது உடம்பு கிழியும். அது நிசம். ஆனால் பொன்னெயிலின் ஈட்டிகளுக்குக் காம்பு தேவைப்பட்டது, நல்ல காம்பு மூங்கிற்காட்டில்தான் இருந்தது. அதுவும் நிசம். முரசு அறைந்தவன் முதலாவதை மட்டும் ஊருக்குச் சொன்னான்.

சேனாபதி மூவன் படையை நடத்திக்கொண்டு போனான். கூடவே மருதியும் போனாள். மூங்கிற்காட்டுக் கோட்டையின் வாசலில் நின்று காட்டுப் பேச்சில் சொன்னாள்:

"பயப்படாதீர்கள். கதவைத் திறவுங்கள். உங்களுக்கு உதவ வந்திருக்கிறார்கள்."

உள்ளே இருந்தவர்களுக்கும் தங்கள் அரசன்மேல் அவ்வளவு வெறுப்பு. அரண்மனையில் கூட்டிப் பெருக்குகிற ஒரு பெண் ஓடிவந்து தாழ்ப்பாளைத் தூக்கினாள். கதவு திறந்தது.

கொடியவனைக் கொன்றது ஒரு காலை நேர வேலை. அதற்குப் பிறகு நடந்ததுதான் முடியாத வேலை. மூவன், செத்தவனின் சிற்றப்பன் மகனைச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தான். செத்தவனின் மைத்துனன் அதை ஒப்பவில்லை. காட்டுப் படையின் தலைவன் இருவரையும் ஒப்பவில்லை. காடு மூன்றாகப் பிரிந்தது. ஒருவன் ஊரை இன்னொருவன் எரித்தான். யாருக்கும் அடங்காத ஊரைப் பொன்னெயில் படை எரித்தது. காய்ந்த மூங்கில் ஒன்றோடொன்று உரசினாலே தீப்பிடிக்கும்; அவர்கள் பந்தம் வைத்தே கொளுத்தினார்கள்.

கதவைத் திறந்த அந்தப் பெண் ஒருநாள் கோட்டை முற்றத்தில் மருதியைக் கண்டாள். அவள் கணவன் போய்விட்டான், வீடு போய்விட்டது, புகையில் ஒரு கண்ணும் போய்விட்டது.

"தாழ்ப்பாளைத் தூக்கியது நான்தான் அம்மா. நினைவிருக்கிறதா?" என்றாள். "அவன் இருந்தபோது யாரைக் கண்டு ஓட வேண்டும் என்று தெரிந்திருந்தது. இப்போது அதுகூடத் தெரியவில்லை."

மருதி மூவனிடம் போனாள். "சேனாபதி, போதும். கொடியவன் செத்துவிட்டான். திரும்பிப் போய்விடலாம்."

மூவன் கெட்டவன் போலப் பேசவில்லை. களைத்துப்போனவன் போலத்தான் பேசினான். "எப்படிப் போவது? நம் பிள்ளைகள் எத்தனை பேரை இந்த மண்ணில் புதைத்திருக்கிறேன் தெரியுமா? இப்போது போனால் அவர்கள் வீணாகச் செத்ததாகிவிடும்."

செத்தவர்கள் வீணாகச் சாகவில்லை என்று காட்டுவதற்காக இன்னும் பலர் செத்தார்கள். அவர்களுக்காக இன்னும் பலர்.

மருதி அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.  நாம் நல்லது செய்யத்தானே வந்தோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் தலைமயிர் அந்தக் காட்டில்தான் நரைத்தது.

இது இரண்டாம் போர். அதற்குச் சொன்ன காரணம் பாதி உண்மை.

பிறகு பெருஞ்சேயின் பேரன் பட்டத்துக்கு வந்தான். அவன் பிறந்ததிலிருந்தே நாடு எங்கேயோ போரில் இருந்தது. போர் இல்லாத பொன்னெயில் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. சனங்களுக்கும் மறந்துவிட்டது. வீதியில் படை போகும். "எங்கே போகிறார்கள்?" என்று ஒருத்தி கேட்பாள். "யார் கண்டது? போகிறார்கள்" என்பாள் மற்றவள். காலில்லாமல் திரும்பியவர்கள் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வயலில் கோரைப்புல் முளைத்தது. ஊருக்குள் முணுமுணுப்பு எழுந்தது. முணுமுணுக்கிற ஊரை வாயடைக்க வைக்க இளம் அரசனுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

மேற்கே பொட்டல்வெளி. ஆடு மேய்க்கிறவர்கள். மரம் இல்லை, ஆறு இல்லை. தூரத்துக்கு ஒன்றாகச் சில கிணறுகள். அந்த மேய்ப்பர்கள் சட்டி சட்டியாக நஞ்சு காய்ச்சுகிறார்கள், பொன்னெயிலின் ஆற்றில் கலந்து ஒரு நாட்டையே கொல்லப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள்? அரண்மனையிலிருந்து கிளம்பியது என்று மட்டும் தெரியும்.

அரசன் மருதியை அழைத்தான். "உப்புக்காரி போலப் போ. பார்த்துவிட்டு வந்து சொல்."

மருதி பழையபடி உப்பு வண்டியில் போனாள். பொட்டல்வெளியின் பெரிய குடியிருப்புக்குத் தலைவர் கோவன் என்ற கிழவர். அவர் மருமகள் சேந்தி, நிறைமாதக்காரி. தண்ணீருக்குத் தவிக்கிற அந்த நாட்டில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, "முகம் கழுவிக்கொள்ளுங்கள் பெரியம்மா, வெயிலில் வந்திருக்கிறீர்கள்" என்றாள் சேந்தி. அங்கே விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையில் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

மருதி வீடு வீடாகப் போனாள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒவ்வொரு சட்டியையும் திறந்து பார்த்தாள்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்று சிரித்தாள் சேந்தி.

"தயிர் உறைந்துவிட்டதா என்று பார்த்தேன்."

கோவன் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "பால் இருக்கிறது தாயி, சட்டிதான் போதவில்லை. அடுத்த முறை வரும்போது உப்போடு நாலு சட்டியும் கொண்டு வா."

ஏன் வந்தோம் என்று அவர்களிடம் சொல்லிவிடலாமா என்று மருதிக்கு ஒரு நினைப்பு வந்தது. எதற்காக இவர்களைப் பயமுறுத்துவது, இல்லை என்று அரசரிடம் போய்ச் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்து, வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கட்டினாள்.

சபையில் அவள் சொன்னாள்: "அரசே, நஞ்சு இல்லை. ஒவ்வொரு சட்டியையும் திறந்து பார்த்தேன். பாலும் தயிரும்தான் இருக்கிறது."

"புதைத்து வைத்ததைப் பார்த்தாயா?" என்று கேட்டான் அரசன்.

"புதைத்ததை எப்படிப் பார்ப்பது?"

"அதைத்தான் கேட்கிறேன்."

கிழவனாகிவிட்ட மூவன் பக்கத்தில் நின்றான். "அரசே, இருப்பதைக் காட்டுகிறவனால் ஆபத்தில்லை. ஒன்றுமே இல்லாதது போல மறைக்கத் தெரிந்தவன்தான் ஆபத்தானவன்" என்றான்.

மருதி இல்லை என்று சொன்னாள். முரசோ, "மறைத்துவிட்டார்கள்" என்று சொன்னது. அன்று மாலையே வண்டிகள் பூட்டப்பட்டன. ஏர் உழ மிச்சமிருந்த மாடுகளையும் அதற்குத்தான் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

படை பொட்டல்வெளிக்கு வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. குடியிருப்பில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். முன்னால் கோவன், அவர் பின்னால் வயிற்றில் கை வைத்துக்கொண்டு சேந்தி. உப்புக்காரியைப் படையின் நடுவில் கண்டதும் அவர்கள் முகத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது.

மூவன் மருதியின் பக்கம் குனிந்தான். "வழக்கமாகச் சொல்வதைச் சொல். அப்படியே நிற்கட்டும். நின்றால் வேலை சீக்கிரம் முடியும். ஓடினால் இந்த வெயிலில் யார் துரத்துவது?"

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களே, மருதியின் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வழக்கமான பொய்யைச் சொல்லலாம். பேசாமல் இருக்கலாம். உண்மையைச் சொல்லலாம். முதல் இரண்டும் அவள் நடந்து பழகிய வழிகள். படைக்கு எதிராகச் சனங்களிடம் உண்மை சொல்கிற மூன்றாவதில் அவள் கால் வைத்ததே இல்லை.

அவள் வாய் திறந்து பொட்டல் பேச்சில் அலறினாள்:

"ஓடுங்கள்! கொல்ல வந்திருக்கிறார்கள்! எல்லோரும் ஓடிவிடுங்கள்!"

அவர்கள் அவளை நம்பினார்கள். நம்பியதால் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆட்டை அவிழ்க்கவில்லை, தோல்பையில் தண்ணீர் மொள்ளவில்லை. கிழவரும் பெண்களும் குழந்தைகளும் படை இல்லாத ஒரே பக்கமாக ஓடினார்கள். அது கிணறே இல்லாத பக்கம்.

மூவன் வீரர்களைப் பார்த்துத் திரும்பினான். "பார்த்தீர்களா? குற்றம் இல்லாதவன் ஏன் ஓடுகிறான்?"

வீரர்கள் தலையாட்டினார்கள். சந்தேகத்தோடு வந்தவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது.

மூவன் துரத்தவில்லை. தேவைப்படவில்லை. கிணறு கிணறாகப் போய் ஆடுகளை வெட்டி உள்ளே போட்டு, மேலே கல்லை நிரப்பினான். வீட்டு நிழலில் உட்கார்ந்து காத்திருந்தான். வீடுகளில் இருந்த சட்டிகளை வீரர்கள் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தார்கள். பால் வழிந்தது. தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். மண் இருந்தது.

நஞ்சு கிடைக்கவில்லையே என்று பொன்னெயிலில் யாரும் கேட்கவில்லை. வெற்றி முரசு அறைந்தார்கள், பூப்போட்டார்கள். ஆனால் ஆரத்தித் தட்டு எடுத்து வந்த பல பெண்கள், வீட்டில் ஆண் மிச்சமில்லாததால் யாருக்குச் சுற்றுவது என்று தெரியாமல் தட்டோடு நின்றார்கள். அந்த வருஷம் நல்ல மழை பெய்தது. உழ மாடு இல்லை, உழ ஆள் இல்லை. மழை வந்த வழியே ஓடிப்போனது. இரும்பு நாட்டுக் குழந்தைகள் ஈட்டிகள் குவிந்த வீடுகளில் பட்டினி கிடந்தன.

பொட்டலை விட்டுப் படை கிளம்பியபோது, மருதியைக் கொல்லலாமா என்று வீரர்கள் கேட்டதற்கு, "விடுங்கள். அவள் கத்தியதும் நமக்குத்தான் உதவியது" என்றான் மூவன். அவளைப் பொட்டலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் ஒரு கிணற்றின் மேல் இருந்த கற்களைத் தூக்க ஆரம்பித்தாள். நகம் பெயர்ந்தது. தூக்கினாள்.

ஓடியவர்களில் கொஞ்சம் பேர்தான் திரும்பி வந்தார்கள். கோவன் வரவில்லை. சேந்தி வந்தாள். அவள் வயிறு ஒட்டிப்போயிருந்தது. கையில் குழந்தை இல்லை. மணலில் பெற்று, மணலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அழுவதற்கு அவளிடம் ஈரம் இல்லை.

மருதி எழுந்து நின்றாள். "நான் உண்மையைத்தான் சொன்னேன் அம்மா. உங்களைக் காப்பாற்றத்தான் ஓடச் சொன்னேன்."

"தெரியும். உண்மைதான் சொன்னாய்" என்றாள் சேந்தி. முன்பு சொன்ன பெரியம்மா என்ற வார்த்தை இப்போது இல்லை. "முதல்முறை வந்து எங்கள் சட்டிகளைத் திறந்து பார்த்தாயே, அன்றைக்கு எதற்கு வந்தாய் என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் மொண்டுகொண்டு, ஆட்டை ஓட்டிக்கொண்டு, நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு, கிணறு இருக்கிற பக்கம் போயிருப்போம். என் பிள்ளை பிழைத்திருக்கும்."

 

சேந்தி கீழே குனிந்து ஒரு கல்லைத் தூக்கினாள். "தோண்டு. தோண்டுவதற்குக் கை வேண்டும். ஆனால் எங்கள் பேச்சில் இனி ஒரு வார்த்தை பேசாதே. உன் வாயில் அதைக் கேட்க முடியவில்லை."

அதற்குப் பிறகு மருதி பேசவில்லை. பொட்டல் பேச்சை மட்டுமல்ல, எந்தப் பேச்சையும் பேசவில்லை. கல் தூக்கினாள். ஆட்டு எலும்புகளை அள்ளி வெளியே கொட்டினாள். கடைசியில் கொஞ்சம் தண்ணீர் ஊறியது. பிண வாடை அடித்தது. அதைத்தான் குடித்தார்கள். குடித்தவர்களில் சிலர் அதனாலும் செத்தார்கள். அவளும் அங்கேயே ஒரு கோடையில் செத்துப்போனாள். அழவும் இல்லை யாரும், தூற்றவும் இல்லை.

மருதி இல்லாமல் பொன்னெயிலின் படை நின்றுவிட்டது என்று நினைக்கிறீர்களா? இல்லை. பேச்சுத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் கிடைக்கிறார்கள். வடக்கே ஒரு நாடு இருந்தது; அடுத்து அதன்மேல் போனார்கள். அதற்கு என்ன காரணம் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் காரணம் சொல்வதையே அவர்கள் விட்டுவிட்டார்கள்.

சிறியவர்களே, பெரியவர்களே, இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள்: நியாயமான போருக்காக எடுத்த ஈட்டியைத் திரும்பவும் பரணில் போடத் தெரியாத நாடு, அந்த நியாயத்தைச் சொல்லிச் சொல்லியே பிறர் நாட்டையும் அழித்துத் தன்னையும் அழித்துக்கொள்ளும்.